நீலப்பச்சை வெளிச்சத்தில்

"நிறுத்துங்க... ரத்தம்... நிறுத்துங்க."

எண்டோஸ்கோபி அறையில் அப்படிக் குரல் உயர்த்துகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. பெரிய டாக்டருக்கே கிடையாது. அதனால் அறையில் இருந்த எல்லோரும் ஒரு கணம் திகைத்துப்போனார்கள், அவளைத் தவிர.

அவள் திகைக்க முடியாது. ஒரு பெரியவரின் வாய் வழியாக உள்ளே போயிருந்த மெல்லிய கறுப்புக் குழாயின் மறுமுனை அவள் கையில் இருந்தது. குழாயின் நுனி அவருடைய உணவுக்குழாயைக் கடந்து இரைப்பையின் வாசலில் நின்றிருந்தது. நுனியில் இருக்கும் விளக்கும் கேமராவும் காட்டுவதெல்லாம் எதிரே திரையில் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருந்தது... அடுத்த நொடி திரை இருண்டுவிட்டது.

கத்தியவனே, புதுக் கருவியோடு கம்பெனியிலிருந்து வந்திருந்தவன், ஓடிவந்து விளக்கை அணைத்துவிட்டான்.

"யாரு லைட்டை ஆஃப் பண்ணது?" என்று அவள் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். அவள் குரல் இறங்கினால் என்ன அர்த்தம் என்று நர்ஸ் அக்காவுக்குத் தெரியும். அவர் ஓரடி பின்வாங்கி நின்றுகொண்டார்.

"நான்தான் டாக்டர். உள்ள ரத்தம் தேங்கி நிக்குது. நீங்க கவனிக்கலையோன்னு..."

"ஆன் பண்ணுங்க."

"ஆனா..."

"ஆன் பண்ணுங்க சார். நான் உள்ள இருட்டுல நின்னுட்டிருக்கேன்."

வெளிச்சம் வந்தது. திரையில் சிவப்பாக ஒரு குட்டை தெரிந்தது. அவள் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினாள். அந்தச் சிவப்பு அப்படியே மஞ்சளாக மாறியது.

"இப்ப என்ன கலர்?"

"மஞ்சள்..."

மறுபடி அழுத்தினாள். "இப்ப?"

"சிவப்பு..."

"இது பித்தநீர். சாதாரண லைட்ல மஞ்சளா இருக்கும். இந்தப் புது லைட்ல நீலமும் பச்சையும் மட்டும்தான் உள்ள போகுது. அதுல பாத்தா ரத்தம் மாதிரி சிவப்பா தெரியும். இதைக்கூடச் சொல்லித் தராமலா உங்களை அனுப்பினாங்க? இந்த லைட்டைச் செஞ்ச மகானுபாவர் யாரு?"

கருவிகள் மட்டும் பீப் பீப் என்று தங்கள் வேலையைப் பார்த்தன.

"நான்தான் டாக்டர்," என்றான் அவன்.

அவள் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. பெரிய கண்கள்... தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்ததும் அவை இன்னும் பெரிதாயின. திட்ட வாயெடுத்தவளுக்குத் திட்டு வரவில்லை. வரவில்லையே என்று கோபம் வந்தது.

"ஓரமா நில்லுங்க. எதையும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

*

மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கும் கேன்டீனுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட ஒரு நடைபாதை உண்டு. மழை பெய்தால் இரண்டு ஓரமும் ஒழுகும். நடுவில் ஒருவர் மட்டும் நனையாமல் போகலாம். அவள் காகிதக் கோப்பையில் டீயோடு இந்தப் பக்கமிருந்து வந்தாள். அந்தப் பக்கமிருந்து ஒருவன் வந்தான். நட்ட நடுவில் எதிரெதிரே நின்றார்கள். யாராவது ஒருவர் நனைந்தாக வேண்டும்...

அவன்தான் ஓரத்துக்குப் போனான். தோளில் தண்ணீர் சொட்டியது.

தேங்க்ஸ் சொல்ல நிமிர்ந்தவளுக்கு யாரென்று முதலில் தெரியவில்லை. அப்புறம் கண்களைப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நான்தான் டாக்டர். காலைல ரத்தம் பாத்தவன்."

சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. முகக்கவசம் இல்லாத முகம் அவள் நினைத்ததைவிடச் சின்ன வயசாக இருந்தது. மழிக்க மறந்த தாடி, கொஞ்சம் கோணலான முன்பல், உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ பொடி. அவனும் அவள் முகத்தை இப்போதுதான் முழுசாகப் பார்த்தான். பார்த்தவன் ஒழுகுகிற கூரைக்குக் கீழே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டான்.

"உள்ள தள்ளி நில்லுங்க. நனையறீங்க."

"பரவாயில்ல. தண்டனைன்னு வெச்சுக்கறேன்."

"தண்டனை கொடுக்கணும்னா பெரிய டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேன்."

"சொல்லலையா?"

"இன்னும் இல்ல. அந்தப் பெரியவர் எழுந்ததும் நடுவுல கரண்ட் போச்சான்னு கேட்டார். நர்ஸ் அக்கா உங்களைக் காட்டி, கரண்ட் போகல, இந்தத் தம்பிக்குத்தான் உயிர் போச்சுன்னாங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்ததும் அசடு வழிந்தான்.

"கருவியைப் பொருத்த வேற ஆள்தான் வரணும் டாக்டர். அவருக்குக் காய்ச்சல். நான் வடிவமைக்கிறவன், லேபை விட்டு வெளிய வந்ததே இல்ல. நாங்க ஜெல்லியில தொண்டை செஞ்சு வெச்சுத்தான் சோதிப்போம். எங்க ஜெல்லிக்குப் பித்தநீர் சுரக்காது."

"இனிமே கொஞ்சம் சுரக்க வையுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டு எட்டு போய்த் திரும்பினாள். "உதட்டுல என்ன வெள்ளையா?"

அவன் சட்டென்று புறங்கையால் துடைத்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல... நெஞ்செரிச்சல் மாத்திரை. எப்பவாவது."

எப்பவாவது சாப்பிடுகிறவர்கள் யாரும் அவ்வளவு வேகமாகத் துடைத்துக்கொள்வதில்லை. அவள் மனசில் அது ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

*

காய்ச்சல்காரர் குணமாகி வருவதற்குள் இவனே எல்லோருக்கும் கருவியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவனுக்கு அதில் எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தவன் கற்றுக்கொண்டதுதான் அதிகம். கேஸ் முடிந்ததும் பதிவான படங்களை ஓடவிட்டு, திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்காருவார்கள். நர்ஸ் அக்கா ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அதே அறையில் டிரேயைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்த டிரேயையே திரும்பவும் துடைப்பார்.

"உணவுக்குழாயோட உள்தோல் வெளிறின ரோஸ் கலர். இரைப்பையோடது நல்ல சிவப்பு. ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியுதா? அந்தக் கோடு அங்கேயே இருக்கணும்."

"இல்லன்னா?"

"வருஷக்கணக்கா அமிலம் மேல ஏறி ஏறி வந்தா, குழாயோட தோல் தாங்க முடியாம தன்னை மாத்திக்கும். சிவப்பு நாக்கு மாதிரி மேல ஏறும். அது புற்று இல்ல. ஆனா விட்டா சில பேருக்கு அங்க போய் முடியும். வெள்ளை லைட்ல சின்ன நாக்கு கண்ணை டபாய்ச்சுடும். உங்க லைட்ல..."

அவள் பொத்தானை அழுத்தினாள். வெளிறிய பச்சையாகக் கிடந்த தோலின் நடுவே, பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு பளிச்சென்று எழுந்தது. அதற்குள் ஓடிய மெல்லிய ரத்தக் குழாய்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன.

"...இப்படித் தெரியும்," என்றாள். அவள் கண்களும் அப்போது பளிச்சென்றுதான் இருந்தன. "இத்தனை நாள் நான் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுப் பாத்த மாதிரி இருக்கு. நிஜமாவே நல்லா செஞ்சிருக்கீங்க."

அவன் திரையைப் பார்க்கவில்லை. நீலப்பச்சை வெளிச்சம் விழுந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்... அவள் திரும்பியதும் அவசரமாகத் திரைக்குப் போனான்.

"எங்க பாக்கறீங்க?"

"கோட்டைத்தான்."

"கோடு அந்தப் பக்கம் இருக்கு."

நர்ஸ் அக்கா டிரேக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்.

இதைக் காதல் என்று அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். நாமும் வற்புறுத்த வேண்டாம். ஆனால் காலையில் தலைவாரும்போது, எப்படியும் அறுவை அறைத் தொப்பிக்குள் போய் ஒளியப்போகிற கூந்தலுக்கு எதற்கு இத்தனை நேரம் என்று அவளுக்கே கேள்வி வந்தது. வீட்டில் அம்மாவுக்கும் வந்தது. அம்மா வாய்விட்டே கேட்டாள். "லேட்டாச்சு" என்று இவள் ஓடிவந்துவிட்டாள்.

*

சண்டை ஒரு ரொட்டித் துண்டால் வந்தது.

கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்து, ஜெல்லித் தொண்டைக்குப் பித்தநீர் கலர் எதில் கலக்கலாம் என்று அவன் கதையளந்துகொண்டிருந்தான். ஒரு வாய் ரொட்டியை விழுங்கியவன் பாதியில் நின்றான். கை தானாக நெஞ்சுக்குப் போனது. கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, தண்ணீரை மடமடவென்று குடித்தான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, "காபி டிகாக்‌ஷன் சரியா வரும்னு நினைக்கறேன்," என்று விட்ட இடத்தில் தொடர்ந்தான்.

"அடைக்குதா?"

"என்னது?"

"சாப்பாடு. இறங்கும்போது அடைக்குதா?"

"அவசரமா முழுங்கிட்டேன். அவ்வளவுதான்."

"சட்டைப் பையைக் காட்டுங்க."

"டாக்டர், இது என்ன போலீஸ் செக்கிங்கா?"

"காட்டுங்க."

அவன் காட்டவில்லை. பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா, "மேல் பையில ஒரு அட்டை, பேன்ட் பையில ஒரு அட்டை, லேப்டாப் பையில ஒரு டப்பாவே இருக்கு டாக்டர்," என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"எத்தனை வருஷமா?"

அவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டான்.

"நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வாங்க. நான் பாக்கறேன். பத்து நிமிஷ வேலை."

"பாக்கலாம்... இந்த வாரம் வேலை ஜாஸ்தி."

"உங்க வேலையே அந்த ரூம்லதான்."

"அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர்."

"அப்புறம் அப்புறம்னு வந்தவங்களைத்தான் நான் தினமும் பாக்கறேன். உங்களுக்குத் தெரியாததா?"

அவன் முகம் மாறியது. அதுவரை அவள் பார்த்திராத ஒரு முகம். "நீங்க எனக்கு டாக்டர் இல்லையே. நான் உங்ககிட்ட காட்ட வரலையே. வேலையா வந்தேன், வேலை முடிஞ்சா போயிடுவேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. டாக்டர் இல்லை என்றால் நான் வேறு யார்... கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதிலை வாங்கிக்கொள்ளத் தைரியம் வேண்டுமே. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சரி. போங்க."

மறுநாள் காலையில் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் வரவில்லை. பதினொரு மணிக்கு ஒன்றும் தெரியாதவன்போல் கருவியின் பின்புறத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. பேச வேண்டியதை நர்ஸ் அக்கா மூலம் பேசினாள். "அக்கா, அந்த சாரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க." "அக்கா, அந்த சாரோட வயர் காலைத் தட்டுது." கையெட்டும் தூரத்தில் நின்றவன், "சரிங்க அக்கா," என்று நர்ஸிடமே பதில் சொன்னான். இரண்டு பக்கமும் வீம்பு. நடுவில் மாட்டிக்கொண்ட நர்ஸ் அக்கா, இதற்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று கேட்டார்.

அதோடு அவள் இன்னொன்றும் செய்தாள். புது வெளிச்சத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள். எல்லாக் கேஸையும் பழைய வெள்ளை வெளிச்சத்தில், இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். விஷயம் பெரிய டாக்டர் காதுக்குப் போனது. அவர் அறைக்கே வந்து, அவன் முன்னாலேயே கேட்டார்.

"என்னம்மா, கருவியில ஏதாவது கோளாறா?"

"கருவியில இல்ல சார். செஞ்சவரே நம்பி உள்ள விடாத லைட்டை நான் எப்படி சார் பேஷன்ட்டுக்குப் போடறது?"

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், நர்ஸ் அக்காவைப் பார்த்தார். நர்ஸ் அக்கா மேலே விசிறியைப் பார்த்தார். "அது உங்க பாடு," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவன் கையிலிருந்த திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்தான். சத்தமில்லாமல் வைத்தான். அவனுக்கு உறைத்திருந்தது.

*

மறுநாள் விடாத மழை. காத்திருக்கும் கூடத்தில் ஈரக் குடைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அவன் வெறும் வயிற்றோடு வந்திருந்தான். கூடவே அவனுடைய அக்காவும் வந்திருந்தாள். மயக்க ஊசி போட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் அல்லவா...

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானா அது?"

"எது?"

"வீட்டுல சாப்பாட்டு வேளைல எல்லாம் பித்தநீர்க் கதைதான். மஞ்சள்ங்கிறான், சிவப்புங்கிறான். யாருடா அந்த டாக்டர்னா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

"அக்கா..." என்று அவன் நெளிந்தான். நர்ஸ் அக்கா அவனைப் பச்சை அங்கி மாற்ற உள்ளே அழைத்துப் போனார்.

அவன் தலை மறைந்ததும் அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவனுக்கு வீம்பு இல்ல, பயம். எங்க அப்பாவுக்கு உணவுக்குழாய்லதான் புற்று வந்தது. அவரும் நெஞ்செரிச்சல்னு மாத்திரையா முழுங்கிட்டே இருந்தார். கண்டுபிடிக்கும்போது கை மீறிப் போயிடுச்சு. முன்னாடியே தெரியற மாதிரி ஒரு லைட் செய்யறேன்னு அப்புறம்தான் இவன் இந்த வேலைக்கே போனான். ஊருக்கெல்லாம் செஞ்சான். தனக்குன்னு வந்தா கண்ணை மூடிக்கிறான். நீங்க நேத்து சொன்னது ராத்திரி முழுக்க அவனைத் தூங்க விடல."

வீம்பு என்று நினைத்து எப்படியெல்லாம் பேசிவிட்டோம்... கேன்டீனில் பார்த்த அந்த முகம் பயந்த முகம் என்று அவளுக்குப் புரியவில்லையே. ஒரு நாளைக்கு எத்தனை பயந்த முகம் பார்க்கிறவள் அவள்.

உள்ளே போனாள். அவன் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தான். விரலில் நாடி பார்க்கும் கிளிப், தோளில் துண்டு. தொண்டை மரத்துப்போகும் மருந்தை அவளே அடித்தாள். கசப்பில் அவன் முகம் கோணியது.

"இப்ப மரத்துப் போயிடும். அப்புறம் வாயில கவ்வ ஒரு வளையம் வைப்போம், பேச முடியாது. கேக்கணும்னா இப்பவே கேளுங்க."

"உங்க கை நடுங்குது," என்றான்.

அவள் கையைப் பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது. எத்தனையோ பேருடைய தொண்டையில் இறங்கிய கை... நர்ஸ் அக்கா வளையத்தை வைத்துக் கட்டினார். குழாயை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அக்கா, பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார். "என்னம்மா, சுலபமான கேஸ்தானே?"

"நீங்க பண்ணுங்க சார். என்னால முடியாது."

"ஏன்?"

"சொந்தக்காரங்களுக்கு நாம பண்ணக்கூடாதே சார். பாக்க வேண்டியதை விட்டுட்டு, பாக்க விரும்பறதைத்தான் கண்ணு பாக்கும்னு நீங்கதான் சொல்லுவீங்க."

பெரிய டாக்டர் கட்டிலில் கிடந்தவனைக் குனிந்து பார்த்தார். "இவர் உனக்குச் சொந்தமா? சொல்லவே இல்லையே."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் காலடியில் மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் இல்ல சார். ஆகணும்னு நான் ஆசைப்படறேன். அவருக்கு எப்படின்னு தெரியல."

பீப்... பீப்... என்று நிதானமாக நடந்துகொண்டிருந்த நாடிக் கருவி பீப்பீப்பீப் என்று ஓட ஆரம்பித்தது. வாயில் வளையத்தோடு அந்தப் பெரிய கண்கள் இரண்டும் அவளையே பார்த்தன.

"நாடி எகிறுது சார்," என்றார் நர்ஸ் அக்கா, மிகுந்த கடமை உணர்ச்சியோடு.

"எகிறத்தான் செய்யும். ஊசியைப் போடுங்க," என்றார் பெரிய டாக்டர்.

அவள் அவன் தலைமாட்டில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். குழாய் உள்ளே இறங்கியது. வெள்ளை வெளிச்சத்தில் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. கோடு வந்தது. பெரிய டாக்டர் பொத்தானை அழுத்தினார். திரை நீலப்பச்சையாக மாறியது. கோட்டுக்கு மேலே, மெல்லிய பழுப்பு நாக்கு ஒன்று ஏறியிருந்தது...

தினமும் இதைத் தேடித் தேடிப் பார்க்கிறவள் அன்று கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய டாக்டர் அங்கிருந்து துளித் துளியாகச் சதை கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். "இந்த லைட் இல்லன்னா தாண்டிப் போயிருப்பேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மயக்கம் தெளிந்து எழுந்தவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் காதில் விழுந்ததெல்லாம் அக்காவிடம் அவன் கேட்ட, "போலாமா அக்கா?" தான். குடையை விரித்துக்கொண்டு இருவரும் மழைக்குள் போனார்கள்.

*

பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும். ஒரு வாரமும் அவன் வரவில்லை, போனும் இல்லை. காய்ச்சல்காரர் குணமாகி வந்து கருவியைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். பித்தநீரைப் பார்த்துக் கத்தாத மனிதர். அதனாலேயே அவரைக் கண்டால் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. அவன் என்ன நினைத்திருப்பான்... உடம்பு சரியில்லாதவன்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள் என்றா? அல்லது அவனுக்கு அப்படி எதுவுமே இல்லையா? நாடி எகிறியது வெறும் பயத்தினாலா? நர்ஸ் அக்காவிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. நர்ஸ் அக்கா தானாகவே சொன்னார், "பயத்துல எகிறின நாடி வேற டாக்டர். இந்தக் காதால எத்தனை வருஷமா கேக்கறேன்." கொஞ்சம் தெம்பாக இருந்தது. மாலைக்குள் அதுவும் கரைந்துவிட்டது.

முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் அவனையும் அக்காவையும் வரச்சொல்லியிருந்தார். அவளையும் கூப்பிட்டார். அவர் அறைக்குப் போகும் நீளமான தாழ்வாரத்தில், ஜன்னல் ஓரமாக அவன் தனியாக நின்றிருந்தான். அக்கா முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டிருந்தாள். வெளியே தூறல்... கண்ணாடியில் நீர்க்கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு வாரமாச்சு."

"ம்."

"நான் ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா, இல்ல ஊசியில மறந்துடுச்சா?"

"ஊசிக்கு முன்னாடிதானே சொன்னீங்க." அவன் ஜன்னலைப் பார்த்தான். "உள்ள போயிட்டு வந்து பதில் சொல்றேன். நல்லதா இருந்தா..."

"இல்லன்னா?"

"இல்லன்னா நீங்க எதையும் சொல்லல, நான் எதையும் கேக்கல. அப்பாவுக்கு வந்தப்ப எங்க அம்மா எப்படிக் கஷ்டப்பட்டாங்கன்னு பக்கத்துல இருந்து பாத்தவன் நான். உங்களை அதுல இழுத்து விட மாட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்தது, கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"அதை முடிவு பண்ண நீங்க யாரு? அந்தக் குழாய்க்குள்ள என்னெல்லாம் வரும்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னேன். உள்ள என்ன இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். ரிசல்ட்டைப் பாத்துட்டு வர்ற பதில் எனக்கு வேண்டாம். இப்ப சொல்லுங்க. இல்லன்னா எப்பவும் சொல்லாதீங்க."

அவன் நிமிர்ந்தான். முதல் நாள் முகக்கவசத்துக்கு மேலே அவள் பார்த்த அதே கண்கள்... ஆனால் இந்த முறை அவை எங்கேயும் ஓடி ஒளியவில்லை.

"நான் பயந்தாங்கொள்ளிங்க," என்றான். "உள்ள போறதுக்குக் கால் வரல. என்ன சொல்வாங்களோன்னு பயமா இருக்கு. ஆனா ஒரு வாரமா ராத்திரில முழிப்பு வந்தா அந்தப் பயம் ரெண்டாவதாத்தான் வருது. நீங்கதான் முதல்ல வர்றீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. இருட்டுல நின்னுட்டிருக்கேன்னு சொன்னீங்களே, அப்பலேர்ந்தே."

"இதைச் சொல்ல ஒரு வாரமா?"

"அதான் சொன்னேனே, பயந்தாங்கொள்ளி."

அவள் அவன் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது. பிடித்த பிடியிலேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே அழைத்துப்போனாள்.

பெரிய டாக்டர் சுற்றி வளைக்கிறவர் இல்லை. அவர்கள் உட்காருவதற்குள்ளேயே, "புற்று இல்ல," என்றார். "தோல் மாற ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான். சீக்கிரமே பாத்துட்டோம்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் சிலையாக உட்கார்ந்திருந்தான். அவள் என்ன மருந்து, எவ்வளவு நாள், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று ஒரு டாக்டராகக் கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. அவன் கையை மட்டும் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்காததால் அவனே கேட்டான். "அப்ப இனிமே நான் வர வேண்டாமா சார்?"

"வராமலா? தினமும் மருந்து. ஒரு வருஷத்துல ஒரு தடவை உள்ள பாக்கணும். அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு தடவை. விடவே கூடாது, ஆயுசு முழுக்க. ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுப் போக வீட்டுலேர்ந்து ஒரு ஆள் வரணும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வர்றேன் சார்," என்றாள்.

"நீங்க இருங்க அக்கா," என்றாள் அவள். "நான் கூட்டிட்டு வர்றேன். ஆயுசு முழுக்க."